ஏழு மணிக்குச் சொன்ன ‘போ’

மார்ச் 3, திங்கள்

திரு. தூங்குமூஞ்சி அவர்களுக்கு,

நேற்று மட்டும் பதினோரு தடவை போன் அடித்திருக்கிறீர்கள். பார்த்தேன். எடுக்க மாட்டேன். இனிமேல் நமக்குள் போன் கிடையாது. எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். போனில் ஒன்றைச் சொல்வீர்கள், மறுநாள் கேட்டால் “தூக்கக் கலக்கத்துல இருந்தேன்மா” என்பீர்கள். கையால் எழுதி, உறையில் போட்டு, தெருக்கோடிவரை நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டதைத் தூக்கத்தில் செய்தேன் என்று உங்களாலும் சொல்ல முடியாது.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு பேச்சை மாற்றக் கூடாது பாருங்கள். பிப்ரவரி ஐந்தாம் தேதி, காலை ஏழு மணி. நீங்கள் இரவெல்லாம் லிஃப்ட் ரிப்பேரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து படுத்திருந்தீர்கள். நான் வேலைக்குக் கிளம்பிக் கட்டிலோரம் நின்று கேட்டேன். “புது பெயின்ட் பேக்டரியில நிறம் பார்க்கிற பிரிவுக்கு என்னைத் தலைமையா போகச் சொல்றாங்க. இங்கிருந்து ஆறு மணி நேரம். அங்கேயே தங்கணும். போகட்டுமா, வேணாமா?” உங்கள் கண் திறந்திருந்தது. என்னை நேராகப் பார்த்தீர்கள். “போ” என்றீர்கள். ஒரே ஒரு எழுத்து. திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அன்றைக்கே ஆபீசில் சரி என்று சொன்னேன். ஐந்து நாள் பெட்டி கட்டினேன். நீங்களும் கயிறு எடுத்துக் கொடுத்தீர்கள். கடைசியில் பஸ் நிலையத்தில், பத்துப் பேர் பார்க்க, “நான் எப்போ போகச் சொன்னேன்? தூக்கத்துல ஏதாவது உளறியிருப்பேன்” என்றீர்கள். எனக்குத் தலை சுற்றியது. அந்தச் சுற்றல் இன்னும் நிற்கவில்லை.

இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். நீங்கள் மனதறிந்து போகச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போடுவேன். உளறியதுதான் என்றால் திரும்பி வந்துவிடுவேன். எனக்கு இது ஒன்றுதான் தெரியவேண்டும். முழித்திருந்தீர்களா, தூங்கினீர்களா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பஸ் ஏற்றிவிடப்பட்டவள்


மார்ச் 6, வியாழன்

கலர் மேடத்துக்கு,

தெருக்கோடிவரை நடந்து போய்த்தான் இதைப் போடுகிறேன். செருப்புப் போட்டிருக்கிறேன். முழித்திருக்கிறேன்.

நான் என்ன சொல்ல? தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கண் திறந்திருந்தது என்கிறாய். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆள்தானே நான்? நம் கல்யாண வரவேற்பில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவன் என்று நீயே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். உன் அண்ணன் நேற்றுப் போன் பண்ணி, “மாப்ளே, கல்யாணமே தூக்கத்துல பண்ணிக்கிட்டேன்னு சொல்லாம இருந்தா சரி” என்கிறார். மச்சானுக்குச் சிரிப்பு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குள்ளே இருந்து ‘போ’ என்று சொன்னவன் யார் என்று எனக்கே தெரியவில்லை. அவனைப் பிடித்துவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சிரிக்காதே.

என்னோடு வேலை செய்கிற பம்பரம் தெரியுமல்லவா, மெஷின் அறையில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பானே, அவன் ஒரு வித்தை பழகியிருக்கிறான். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்வது. தெரிந்துவிட்டால் அப்புறம் கனவு நம் கையில். அவன் மொட்டை மாடியிலிருந்து பறக்கிறானாம். எனக்குப் பறக்க வேண்டாம். அந்தக் காலை ஏழு மணியைக் கனவில் வரவழைத்து, நீ கேட்பதை மறுபடி கேட்க வைத்து, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சி லேசானது. முதலில், எழுந்தவுடன் கண்ட கனவை எழுதிவைக்கவேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் பழைய சர்வீஸ் தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது, பகலில் அடிக்கடி ‘இது கனவா?’ என்று கேட்டுக்கொண்டு சோதித்துப் பார்க்கவேண்டும். கனவில் விரலை எண்ணினால் கணக்கு உதைக்கும். விளக்குப் பொத்தானைத் தட்டினால் எரியாது. எழுத்தைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தால் வேறு எழுத்து இருக்கும். பகலில் இது பழக்கமாகிவிட்டால் கனவிலும் கை தானாகச் செய்யும், கனவு அகப்பட்டுக்கொள்ளும்.

31-க்குள் கண்டுபிடித்துச் சொல்கிறேன். அதுவரை பேனாவைத் தொடாதே.

உன் லிஃப்ட்காரன்


மார்ச் 9, ஞாயிறு

தூங்குமூஞ்சிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அதே எழுத்துதான் இருந்தது. அதனால் இது கனவில்லை, நீங்கள் நிஜமாகவே இப்படித்தான் என்று புரிந்துகொண்டேன்.

நான் ஆமாவா இல்லையா என்று கேட்டேன். நீங்கள் இன்னொருவனைத் தேடிக்கொண்டு தூங்கப் போகிறீர்கள். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நன்றாகக் கதை விடுகிறான் என்று கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் எழுதியதால் சந்தேகம் வருகிறது. கதை விட்டால்கூட இவ்வளவு சிரமப்பட்டு விடுகிற ஆள் இல்லையே நீங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பொத்தானைத் தட்டி ‘இது கனவா’ என்று சோதிக்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை எண்ணுவதென்றால் எண்ணிக்கொள்ளுங்கள். விரலாவது உங்களுடையது.

இங்கே வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். எட்டுப் பேர் என்னிடம் நிறத் தகடுகளைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, நான் வாயைத் திறக்கும்வரை நிற்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பூசியது ஈரமாக இருக்கும்போதே “சரியா இருக்கு மேடம்” என்றாள். காயட்டும் என்றேன். காய்ந்தபின் இரண்டு படி கறுத்திருந்தது. அவள் என்னைக் கடவுள் மாதிரி பார்த்தாள். எனக்கோ, ஏழு மணிக்கு ஈரத்தோடு இருந்த உங்கள் பதிலை அப்படியே நம்பிக் கிளம்பி வந்தவள் நான்தான் என்று தோன்றியது.

கோபத்தில்தான் இருக்கிறேன். ஆனால் சாப்பிடுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் எனக்கு வேலை ஓடாது என்று தெரிந்தேதான் எழுதுகிறீர்கள்.


மார்ச் 13, வியாழன்

கலர் மேடத்துக்கு,

முதலில் ஒரு கேள்வி. இந்த வாரம் என்னிடமிருந்து மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை மதியம் எழுந்து, மேசையில் உட்கார்ந்து உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். மஞ்சள் உறையில் போட்டேன். தபால் பெட்டிக்கு நடந்தேன். பெட்டி இருந்த இடத்தில் லிஃப்ட் கதவு இருந்தது. அடடா, கனவு என்று நினைத்த நொடியில் முழித்துக்கொண்டேன். சரி, கனவை எழுதிவைப்போம் என்று தாளை எடுத்து எழுதினேன். எழுதி முடித்ததும் மறுபடி முழித்துக்கொண்டேன். தாளில் ஒன்றும் இல்லை. அதையும் கனவில்தான் எழுதியிருக்கிறேன்! மூன்றாவது முறை எழுந்தபோது வீட்டில் மஞ்சள் உறை ஒன்று குறைகிறது. இரண்டு இருந்ததாக ஞாபகம். ஒன்றுதான் இருந்ததோ என்னவோ.

இப்போதெல்லாம் எது எங்கே நடந்தது என்று பிடிபடவில்லை. அக்கா வந்து, “முந்தாநேத்து போன்ல சரின்னு சொன்னியேடா” என்று என்னவோ கேட்கிறாள். எதற்குச் சரி என்றேன் என்று தெரியாமல் மறுபடியும் சரி என்றேன். வேலையில் இன்னும் மோசம். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் தரையோடு சமமாக நிற்காமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது என்று போயிருந்தோம். கட்டட மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் பழக்க தோஷத்தில் கையை விரித்து எண்ண ஆரம்பித்துவிட்டேன். “என்ன சார், விரல் ஏதாவது காணாம போச்சா?” என்றார். பம்பரம் திரும்பி நின்று சிரிக்கிறான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தூங்கினேன், தூங்கினேன் என்று உன்னிடமும் மச்சானிடமும் அக்காவிடமும் இத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. இப்போது அந்தக் காலையை நினைத்தால் நான் தூங்குவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கட்டிலுக்கு வெளியே நின்று என்னையே பார்ப்பது மாதிரி. அது ஞாபகமா, நானே வரைந்துகொண்ட படமா, சொல்லத் தெரியவில்லை.

சாப்பிடுகிறேன். ரொட்டியும் முட்டையும்.

உன் லிஃப்ட்காரன்


மார்ச் 16, ஞாயிறு

மஞ்சள் உறை எதுவும் வரவில்லை.

‘எல்லாவற்றையும் எழுதினேன்’ என்றால் என்ன எல்லாம்? தூங்கினவனுக்கு எழுத நான்கு பக்கம் எங்கிருந்து வந்தது?

இங்கே ஆபீசில் நெருக்குகிறார்கள். மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டு, “என்னம்மா, வீட்டுல கேட்டாச்சா?” என்றார். கேட்டாச்சு சார், பதில் இன்னும் காயவில்லை என்று சொல்ல முடியுமா? சிரித்துவிட்டு வந்தேன். வேலை அதிகம். இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.


மார்ச் 21, வெள்ளி

என் கலர் மேடமே!

பிடித்துவிட்டேன்! நேற்று, வியாழக்கிழமை மதியம். முதல் தடவையாக, முழித்துக்கொள்ளாமல் கனவுக்குள்ளேயே இது கனவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பம்பரத்துக்கு டீயும் இரண்டு பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அப்படியே சொல்கிறேன். தூங்கிக்கொண்டிருக்கிறேன். அலமாரிக் கதவு கிரீச்சென்றது. கண்ணைத் திறந்தால் நீ நிற்கிறாய், முதுகைக் காட்டிக்கொண்டு. “நீயா?” என்றேன். நீ துள்ளித் திரும்பினாய். உன் வலது கை மணிக்கட்டுவரை பச்சை! அங்கேயே எனக்கு ஒரு பொறி தட்டியது. எழுந்து போய் விளக்குப் பொத்தானைத் தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். எரியவில்லை! “கையைக் காட்டு” என்றேன். நீட்டினாய். எண்ணினேன். நான்கு விரல்! உன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. படித்தேன், உன் பெயர் இருந்தது. ஒரு நொடி வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பப் படித்தேன். பெயரைக் காணோம், ‘தொலைந்தால் ஒப்படைக்கவும்’ என்று இருந்தது. மூன்று சோதனையிலும் ஒரே தீர்ப்பு. “கனவு! இது கனவு!” என்று கத்தினேன்.

நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஆமா, கனவுதான்” என்றாய். பம்பரம் இதை நம்பவே மாட்டேன் என்கிறான். கனவில் வருகிறவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம், சண்டைக்கு வருவார்களாம். நீ எங்கேயும் நேர்மையானவள் என்றேன் அவனிடம்.

நீ ஒன்று கேட்டாய். நான் ஒன்று சொன்னேன். அது இங்கே வேண்டாம், கனவுப் பேச்சு. பிறகு கனவு என் கையில் இருக்கும்போதே பறந்துதான் பார்ப்போமே என்று கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். தரை வந்து முட்டியில் மோதியது. நீ தைலம் தேய்த்துவிட்டாய். அப்படியே தூங்கிப்போனேன். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் முட்டி நிஜமாகவே வீங்கியிருக்கிறது, தைல வாசனை வேறு. அதைவிட வேடிக்கை, மூன்று நாளாகப் போட்டுவைத்த பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. தூக்கத்தில் நடந்து போய்ப் பாத்திரம் தேய்த்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்! தூக்கத்தில் பாத்திரம் தேய்க்கிறவன் ‘போ’ என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா?

ஆகவே முடிவு தெரிந்துவிட்டது. கனவிலேயே விசாரித்தாகிவிட்டது. அன்றைக்கு நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக. நீ கையெழுத்துப் போடாதே. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு.

உன் லிஃப்ட்காரன்


மார்ச் 24, திங்கள்

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள்.

வியாழக்கிழமை மதியம் நான் வந்திருந்தேன்.

காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறிப் பதினொன்றரைக்கு நம் வீட்டுக்கு வந்தேன். என்னிடம் இருக்கிற சாவியால் திறந்தேன். கையெழுத்துப் போடுவதென்றால் அசல் சான்றிதழ்கள் வேண்டும் என்றார்கள். அவை அலமாரியில் இருந்தன. நீங்கள் தூங்குகிற நேரம் பார்த்து வந்து, எடுத்துக்கொண்டு, நீங்கள் எழுவதற்குள் போய்விடவேண்டும் என்றுதான் வந்தேன். திருடி மாதிரி என் வீட்டுக்கே வந்தேன். அது என் தப்பு. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை டப்பா மூடியில் விரல் மாட்டி நடுவிரல் வீங்கியதால், அதையும் பக்கத்து விரலையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். நீங்கள் எண்ணியது அந்தக் கையை. பச்சை, கைகழுவினாலும் மூன்று நாள் போகாத பச்சை. நம் தெருவில் மதியம் பூராவும் கரன்ட் இல்லை. அட்டை கழுத்தில் திரும்பிக்கொண்டது, பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். “கனவு, கனவு” என்று நீங்கள் குதித்தபோது முதலில் பயந்தேன், பிறகு சிரிப்பு வந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் நீங்கள் என்னைப் பார்த்து அவ்வளவு பயமில்லாமல் பேசினீர்கள்.

“அன்னிக்குக் காலையில தூங்கினீங்களா, முழிச்சிருந்தீங்களா?” என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

“முழிச்சுத்தான் இருந்தேன். நல்லா முழிச்சிருந்தேன். நீ கேட்டதும், நீ இல்லாத வீடு எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தேன். பிடிச்சிருந்துச்சு. ஏன் இப்படி இருக்கீங்க, ஏன் பேச மாட்டேங்கிறீங்கன்னு கேக்க ஆள் இல்லாத வீடு. அந்த நிம்மதியிலதான் ‘போ’ன்னு சொன்னேன். நீ பெட்டி கட்டினப்போதான் பயம் வந்துச்சு. சொன்னதைத் திரும்ப வாங்க வெட்கமா இருந்துச்சு. தூக்கத்து மேல பழியைப் போட்டுட்டேன். இதை அவகிட்ட சொல்ல முடியாது. உன்கிட்டதான் சொல்ல முடியும்.”

அவகிட்ட. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், கையில் சான்றிதழ் உறையோடு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கனவில் வருகிறவள் அழலாமா கூடாதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன். நீங்கள் குதித்து முட்டியை உடைத்துக்கொண்டது ஒரு வகையில் நல்லதாயிற்று. தைலம் தேய்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நீங்கள் தூங்கியபின் சும்மா உட்காரப் பிடிக்காமல் பாத்திரத்தைக் கழுவிவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் வந்தேன்.

‘பிடிச்சிருந்துச்சு’ என்றது வலித்தது. ஆனால் பஸ்ஸில் ஆறு மணி நேரத்தில் அதைக் கொஞ்சம் செரித்துவிட்டேன். கேட்டதற்கு நேரான பதில் கிடைத்ததே என்றுகூட ஒரு ஆறுதல். உடனே நீங்கள் நிஜத்தில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். எழுதினீர்கள். ‘தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக’ என்று. செருப்புப் போட்டு, நடந்து போய்த் தபாலில் போட்டீர்கள். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கனவுக்காரியிடம் உண்மை, கட்டினவளிடம் பொய். இதில் எந்த ஆளோடு நான் ஒன்பது வருஷம் இருந்தேன்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நிஜமாகவே கேட்கிறேன், தெரிந்தால் சொல்லுங்கள்.


மார்ச் 26, புதன்

உனக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். கனவு என்று நினைத்துச் சொன்னது செல்லுமா, கனவில் ஒருவன் ஆயிரம் உளறுவான், அதைப் பிடித்துக்கொள்ளலாமா, நீயும்தானே ஏமாற்றினாய் என்று ஒன்றரைப் பக்கம். எழுதும்போது நல்ல வாதமாகத்தான் இருந்தது. வக்கீலாகப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். திரும்பப் படித்தபோது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

முழித்திருந்தேன். அதுதான் உண்மை. இதை எழுத இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, எழுதி முடிக்க மூன்று நொடி.

எந்த ஆளோடு இருந்தாய் என்று கேட்கிறாய். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால், எந்த நேரம் என்ன கேட்பாய் என்று உள்ளுக்குள் ஒரு படபடப்பு. பதில் தெரியாத பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி. அதனால்தான் நான் அவ்வளவு தூங்குகிறேன் என்று நினைக்கிறேன். தூங்குகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீ இல்லாவிட்டால் வேறு விதம். நீ போன நாலாவது நாள் சாயங்காலம் எழுந்து, டீ போட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றிவிட்டு, இன்னொன்றை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் நானே குடித்தேன். அந்த நிம்மதியும் என்னுடையதுதான், இந்தப் பயமும் என்னுடையதுதான். எது பெரியது என்று அளந்து சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதினால் மறுபடி பொய்யாகும்.

ஒன்று மட்டும் தெரிகிறது. கழுத்தில் அட்டையும் கையில் பச்சையுமாக நின்றாயே, நான் கனவு என்று நம்பியதற்குப் பாதிக் காரணம் அதுதான். உன்னை அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தாய். நன்றாக இருந்தாய். கையெழுத்துப் போட்டுக்கொள். என்னைக் கேட்டுப் போடவேண்டியதில்லை. கேட்டபோது மட்டும் நான் என்ன ஒழுங்காகச் சொன்னேன்?

இதுவரை நாம் இரண்டு பேரும் நீ போவதா இருப்பதா என்பதையே பேசியிருக்கிறோம். கனவில்கூட நான் அதைத் தாண்டவில்லை. இப்போது நான் கேட்கிறேன். நான் அங்கே வரட்டுமா, வேண்டாமா? வேலை தேட ஆரம்பிக்கவில்லை, உன்னைக் கேட்காமல் ஆரம்பிக்கத் தைரியம் இல்லை. வேண்டாம் என்றாலும் எழுது. நான் முழித்திருப்பேன்.


மார்ச் 29, சனி

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நேற்றுக் காலையே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதனால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு ஏன் காலை ஏழு மணிக்குக் கேட்டேன்? நீங்கள் எழுந்து டீ குடித்து உட்காருகிற நேரம் சாயங்காலம் ஐந்து மணி என்று எனக்குத் தெரியாதா? முக்கியமான பேச்சையெல்லாம் அப்போதுதானே பேசுவோம். நீங்கள் அசந்து படுத்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டால், யோசிக்காமல் ‘போ’ என்று வாயில் வந்துவிடும் என்று நினைத்தேன். வந்துவிட்டது. ஓடிப்போய் ஆபீசில் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சாயங்காலம் வேறு மாதிரி கேட்டிருப்பேன். எனக்குப் போகவேண்டும் என்று இருந்தது. போகச் சொன்னது நீங்கள் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் சொல்லவே இல்லை என்றதும் எனக்கு வந்த கோபத்தில் பாதி, என் சாக்கு போய்விட்டதே என்ற கோபம். இத்தனை வாரமாக உங்களைக் கூண்டில் நிறுத்தி வைத்துவிட்டு, இதை மட்டும் நான் எழுதவே இல்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதை நீங்கள் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும்.

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கிழக்கே ஒரு ஜன்னல். திரையைத் திறந்தே வைத்திருக்கிறேன். நம் வீட்டில் லீவு நாளில்கூடப் பகலில் திரை திறந்ததில்லை. நீங்கள் தூங்குவீர்கள். நான் வெறுங்காலோடு நடந்து, தட்டைச் சத்தமில்லாமல் வைத்து, ரேடியோவைக் காதோடு ஒட்டிக் கேட்டு, அதுதான் குடும்பம் என்று இருந்துவிட்டேன். இங்கே தட்டை டங்கென்று வைக்கிறேன். சத்தமாகப் பாடுகிறேன், குரல் நன்றாக இல்லை. யாரும் கேட்பதில்லை. நீங்கள் இல்லாத இந்த அறை எனக்கும் பிடித்திருக்கிறது. உங்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது என்றீர்கள். எனக்கு ஏழு வாரமாகப் பிடித்திருக்கிறது.

இதை யாரிடமாவது கேட்டால், அப்புறம் ஏன் புருஷனைக் கூப்பிடுகிறாய் என்பார்கள். எனக்கும் தெரியவில்லை. உங்கள் கடிதம் வரவேண்டிய நாளில் கீழே தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால், கையில் இருக்கிற தகட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எட்டுப் பேரும் பார்க்கிறார்கள். ஓடுகிறவளும் நான்தான், சத்தமாகப் பாடுகிறவளும் நான்தான்.

வந்தால் திரையை மூட மாட்டேன். பகல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது கண்ணில் துணி கட்டிக்கொண்டு தூங்குங்கள். கேள்வி கேட்பேன், அதை விட முடியாது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கு மேல் நோண்ட மாட்டேன் என்று முயற்சி செய்கிறேன். ஒரு வாரத்துக்கான துணி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

வாங்க.